சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கிரிஸ்ஃப்ளையர் மைல்களைச் சேர்ப்பதும் செலவழிப்பதும்

கேள்வி: அக்கா, வேலைக்காக சிங்கப்பூர் வந்திருக்கிறேன். மனைவியும் மகளும் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிறார்கள். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஊருக்குப் போய் வர வேண்டியிருக்கும். ஆபீஸில் எல்லாரும் மைல், மைல் என்கிறார்கள். மைல் சேர்த்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் சேர்ந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு தம்பி. சேர்வதற்குக் காசு கிடையாது, இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள். ஆனால் விமானத்தில் பறந்து பறந்து மைல் சேர்த்துவிடலாம் என்ற நினைப்பை மட்டும் முதலிலேயே விட்டுவிடுங்கள். நம் ஊர்ப் பாதைக்கு அது ஒத்துவராது.

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,800 மைல் தூரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மலிவான எகானமி லைட் டிக்கெட் எடுத்தால் அதில் பாதிதான் கணக்கில் ஏறும். போய் வந்தால் மொத்தம் 1,800 மைல். அதே பாதையில் மைல் கொடுத்துப் போய் வர ஏறத்தாழ 40,000 வேண்டும். அதாவது இருபது தடவைக்கு மேல் ஊருக்குப் போய் வந்தால்தான் ஒரு டிக்கெட். மைலின் ஆயுளோ மூன்றே வருஷம்.

திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நேராகப் போவது ஸ்கூட். அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது, அதனால் கிரிஸ்ஃப்ளையர் மைல் கிடைக்கும். ஆனால் அங்கே தூரத்தைப் பார்ப்பதில்லை. கட்டிய காசில் ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) ஒரு மைல், அவ்வளவுதான். நம்மவர்கள் அதிகம் எடுக்கும் இண்டிகோவிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் இந்தக் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஏர் இந்தியா 2014 முதல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இருக்கும் ஸ்டார் அலயன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் அதில் போகும்போது கிரிஸ்ஃப்ளையர் எண்ணைக் கொடுக்கலாம், டிக்கெட் வகையைப் பொறுத்து மைல் கிடைக்கும். அடிக்கடி பறப்பவர்களுக்குக் கொடுக்கும் எலைட் கோல்ட் தகுதியை வாங்கினால் கூடுதலாக 20 கிலோ கொண்டுபோகலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு மாதத்தில் 50,000 எலைட் மைல் (இந்தத் தகுதிக்காகத் தனியாக எண்ணும் மைல்) வேண்டும். கம்பெனிச் செலவில் அடிக்கடி பறக்கிற வேலை இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்படியானால் மைல் எங்கிருந்து வருகிறது? வீட்டுச் செலவிலிருந்துதான். மளிகை, சாப்பாட்டுக் கடை, போன் பில், குழந்தைக்குத் துணிமணி, ஊருக்கு எடுக்கும் டிக்கெட் எல்லாவற்றையும் மைல் தரும் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும். சிட்டி பிரீமியர்மைல்ஸ், டிபிஎஸ் ஆல்டிட்யூட், யூஓபி ப்ரிவி மைல்ஸ் மாதிரிப் பொதுக் கார்டுகளில் உள்ளூர்ச் செலவுக்கு ஒரு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் வரை கிடைக்கும். ஆன்லைன் செலவுக்கு மட்டும் 4 மைல் தரும் கார்டுகளும் உண்டு, ஆனால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் பேநவ், நெட்ஸ் வழியாகக் கட்டினால் ஒன்றும் கிடையாது. இன்சூரன்ஸ், மின்சாரம், பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி போன்றவற்றைப் பல கார்டுகள் மைல் கணக்கில் சேர்ப்பதில்லை. கார்டு வாங்குமுன் அந்தப் பட்டியலை மட்டுமாவது படித்துவிடுங்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு வங்கிகள் கேட்கும் குறைந்தபட்சச் சம்பளம் இங்குள்ளவர்களுக்குக் கேட்பதைவிட அதிகம், அதையும் விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மாதா மாதம் முழுத் தொகையையும் கட்ட முடியும் என்றால் மட்டும் கார்டில் செலவழியுங்கள். இங்கே கிரெடிட் கார்டு வட்டி வருஷத்துக்கு 25 சதவீதத்துக்கும் மேல். ஒரு மாதம் பாக்கி வைத்தாலும் சேர்த்த மைலின் மதிப்பு அதிலேயே போய்விடும். வங்கியின் ஜைரோ ஏற்பாட்டில் முழுத்தொகையும் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் நிம்மதி.

வாடகையைக் கார்டில் கட்டித்தரும் சேவைகளைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். 2,000 வெள்ளி வாடகைக்கு 2 சதவீதம் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 40 வெள்ளி. 1.3 மைல் தரும் கார்டில் கிடைப்பது ஏறத்தாழ 2,650 மைல். அப்படியானால் ஒரு மைலை ஒன்றரை சென்ட் கொடுத்து வாங்குகிறீர்கள். அதைவிடக் கூடுதல் மதிப்புக்குச் செலவழிக்கத் தெரிந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

மதிப்பு பார்ப்பது சுலபம். காசு கொடுத்தால் டிக்கெட் என்ன விலையோ அதிலிருந்து வரியைக் கழியுங்கள், மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். மைல் டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரி உண்டு, சாங்கியிலிருந்து புறப்பட மட்டுமே அறுபது வெள்ளிக்கு மேல். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017-லேயே எடுத்துவிட்டது, அது நமக்கு லாபம். உதாரணமாக வரி 100 வெள்ளி, மைல் 40,000 என்று வையுங்கள். சாதாரண நாளில் டிக்கெட் 450 வெள்ளி என்றால் மைலுக்கு ஒரு சென்ட்கூடத் தேறாது. அன்றைக்குக் காசு கொடுத்தே போங்கள். தீபாவளி வாரத்தில் அதே டிக்கெட் 900 வெள்ளி என்றால் மைலுக்கு ரெண்டு சென்ட். மைலை எடுக்க வேண்டிய நாள் அதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கடையான கிரிஸ்ஷாப்பில் பொருள் வாங்குவது, டிக்கெட் விலையில் கொஞ்சம் மைலால் கழிப்பது இதிலெல்லாம் ஒரு சென்ட் அல்லது அதற்கும் கீழேதான் கிடைக்கும். இறங்க வேண்டாம்.

இப்போது சேமித்து வைப்பது பற்றி. கார்டு தரும் மைல் முதலில் வங்கியில் புள்ளிகளாகத்தான் இருக்கும், அதை நாம்தான் கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்ற வேண்டும். சிட்டி பிரீமியர்மைல்ஸிலும் டிபிஎஸ் ஆல்டிட்யூடிலும் புள்ளிகள் காலாவதி ஆவதில்லை. கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றிய பிறகுதான் மூன்று வருஷக் கெடு ஓடத் தொடங்கும், மாற்றியதைத் திருப்பி வாங்கவும் முடியாது. அதனால் தேதியும் இடமும் கையில் தெரியும்வரை வங்கியிலேயே இருக்கட்டும். அதற்காக வருஷக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகவும் கூடாது. 2022-லும் 2025 நவம்பரிலும் டிக்கெட்டுக்குக் கேட்கும் மைல் அட்டவணையை உயர்த்தினார்கள், மறுபடியும் உயர்த்துவார்கள். காலாவதி நெருங்கினால் ஒவ்வொரு 10,000 மைலுக்கும் 12 அமெரிக்க டாலரோ 1,200 மைலோ கொடுத்து ஆறு மாதம் நீட்டலாம்.

ஆனால் ஒரு ஆள் போய் வரும் அளவு மைல் மட்டும் எப்போதும் கிரிஸ்ஃப்ளையர் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ராத்திரி ஒரு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். அப்பாவை ஐசியுவில் சேர்த்திருக்கிறோம், உடனே கிளம்பி வா என்பார்கள். அந்த நேரத்தில் மறுநாள் விமானத்துக்குக் காசு டிக்கெட் விலையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். மைல் டிக்கெட் அன்றைய விலையோடு சேர்ந்து அப்படி எகிறாது. குறைந்த மைல் கேட்கும் சேவர் வகையில் இடம் இல்லாவிட்டால் கூடுதல் மைல் கேட்கும் அட்வான்டேஜ் வகையில் இடம் இருக்கலாம். ஆனால் வங்கியிலிருந்து மைல் வந்து சேர ஒன்றிரண்டு வேலை நாளாவது ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். கணக்கில் மைல் தயாராக இருந்தால் போனை வைத்த பத்து நிமிஷத்தில் டிக்கெட் எடுத்துவிட்டுப் பெட்டி கட்டத் தொடங்கலாம்.

அடுத்து குடும்பம். கிரிஸ்ஃப்ளையரில் கணவன் மனைவி மைலை ஒன்றாகக் கலக்க முடியாது. ஆனால் உங்கள் மைலில் டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஐந்து பேரை நாமினியாகச் சேர்க்கலாம். மனைவி, மகள், அம்மா, அப்பா, மாமியார் என்று ஐந்து முடிந்துவிடும். மாமனாரை உங்கள் மனைவியின் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஆளை மாற்றினால் கட்டணம் கேட்பார்கள், அதனால் யோசித்து எழுதுங்கள். அவசரம் வந்த பிறகு செய்கிற வேலை இல்லை இது, அதனால் இந்த வாரமே முடியுங்கள். ரெண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனிக் கணக்கு தொடங்கலாம்.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும். கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் ஒரு மாதிரியும் டிக்கெட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால் மைல் ஏறாது. பாஸ்போர்ட்டில் எப்படியோ கணக்கிலும் அப்படியே இருக்கட்டும். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுத்தால் பாஸ்போர்ட் பக்கத்தை அனுப்பி, கிரிஸ்ஃப்ளையர் எண்ணையும் சேர்க்கச் சொல்லி, டிக்கெட் வந்ததும் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். போய் வந்த பிறகும் மைல் ஏறவில்லையென்றால் ஆறு மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். அதுவரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: ரொம்ப நன்றிக்கா. தீபாவளிக்குச் சென்னை பார்த்தேன், சேவரில் வெயிட்லிஸ்ட் என்று காட்டுகிறது. அட்வான்டேஜ் எடுத்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் அன்றைய காசு விலையைப் பார்த்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். அட்வான்டேஜுக்குக் கேட்கும் மைலால் வகுத்து ஒரு சென்ட்டுக்குக் கீழே வந்தால் காசுதான் நல்லது.

மைல் டிக்கெட்டுகள் 355 நாளுக்கு முன்பே திறந்துவிடும். தீபாவளி, ஜூன் விடுமுறை, நவம்பர் டிசம்பர் பள்ளி விடுமுறை இதற்கெல்லாம் அப்போதே பார்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு நீங்களும் அப்படிச் செய்யுங்கள், திட்டம் மாறினால் கொஞ்சம் கட்டணம் போக மைல் திரும்பி வரும். ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் என்று மாதா மாதம் 30 சதவீதத் தள்ளுபடி அறிவிப்பார்கள். அடுத்த மாதப் பயணத்துக்குத்தான் அது பொருந்தும், பண்டிகை நாளில் அதை நம்பி இருக்காதீர்கள். தேதியில் கட்டாயம் இல்லாமல் ஊருக்குப் போகிறவர்களுக்கு அருமையான வழி.

சென்னை நிறைந்திருந்தால் பக்கத்து ஊர்களையும் பாருங்கள். கோவைக்காரர்கள் கொச்சியையும் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூருவையும் பார்க்கலாம், ரெண்டுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போகிறது. போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஒரு வழிக்குப் பாதி மைல்தான். தீபாவளிக்கு முந்தின நாட்களில் போகும் பக்கம்தான் அடைத்துக்கொள்ளும், விலையும் அந்தப் பக்கம்தான் அதிகம். அந்த ஒரு வழிக்குச் சேவர் விழுந்தால் உடனே எடுத்துவிட்டு, வரும்போது திருச்சியிலிருந்து ஸ்கூட்டில் காசு கொடுத்து வந்துவிடுங்கள்.