18 வயது மகனுக்கு 150 குதிரைசக்தி கார்: கொடுக்கலாமா?

பீளமேட்டுக்காரர்:
வணக்கமுங்க. பையனுக்கு 18 முடிந்து, போன வாரம் லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. காலேஜ் மலுமிச்சம்பட்டிப் பக்கம். தினமும் கோயம்புத்தூர் எல் அண்ட் டி பைபாஸில் போய் வர வேண்டும். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் காரில் ஜிடி மாடல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைசக்தி, டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பணம் பிரச்சினை இல்லை. வீட்டில் அவன் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறாள். அவனுக்கு ஸ்டியரிங் புதிதில்லை, 15 வயதிலிருந்தே ஓட்டுகிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

டர்போ தம்பி:
யோசிக்காமல் வாங்குங்க அண்ணா. முதல் விஷயம் பாதுகாப்பு. காரை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2023-ல் விர்ட்டஸ் 5 ஸ்டார் வாங்கியது. அதே வருடம் ஆல்டோ கே10 வாங்கியது 2 ஸ்டார். "முதல் காருக்குச் சின்ன வண்டி போதும்" என்று ஆல்டோவில் அனுப்புகிறவர்கள்தான் பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிறார்கள். அப்புறம் அந்த பைபாஸ் டிவைடர் இல்லாத இருவழிச் சாலை. லாரியைத் தாண்டும்போது எதிர் லேனில் எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. பவர் இல்லாத வண்டியில் முக்கி முக்கித் தாண்டுவதுதான் ஆபத்து.

ஆறாவது கியர்:
நான் இதே ஜிடியைத்தான் வைத்திருக்கிறேன். அருமையான வண்டி. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதே பைபாஸில் ஒரு லாரிக்குப் பின்னால் 60-ல் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் கொஞ்சம் இடம் தெரிகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்துகிறான். முதல் அரை நொடி ஒன்றும் நடக்காது. டர்போவும் கியர்பாக்ஸும் முழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது. பழகியவன் அந்த இடத்தில் காத்திருப்பான். புதியவன் இன்னும் அழுத்துவான். உடனே கியர்பாக்ஸ் இரண்டு கியர் கீழே இறக்கும், 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது இழுவிசையும், மொத்தமாக வந்து சேரும், வண்டி பாயும். மூன்று மூச்சு விடுவதற்குள் 100. அந்த வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் போகிறான். எதிரே வரும் டவுன் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் கணக்குப் போடவே அவனுக்கு இன்னும் பழக்கம் வந்திருக்காது. இன்னொன்று, உள்ளே சத்தமே கேட்காது. 110-ல் போனாலும் 70 மாதிரிதான் இருக்கும். 80-ஐத் தாண்டினால் வரும் பீப் சத்தமெல்லாம் இரண்டு நாளில் காதில் விழாது.

பவர் இருந்தால் சீக்கிரம் தாண்டலாம் என்பது சரிதான் தம்பி. ஆனால் பவர் இருக்கிற தைரியத்தில், மற்றபடி விட்டுவிடக்கூடிய இடைவெளியிலும் தலையை நுழைப்பான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமில்லையா?

டர்போ தம்பி:
அது ஓட்டுபவன் குணம் அண்ணா, வண்டியின் குற்றமில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கு மேல் டூவீலரில் போனவர்கள். 18 வயதில் 390 சிசி பைக் வாங்கிக் கொடுக்கும்போது யாரும் விவாதம் நடத்துவதில்லை. ஆறு ஏர்பேக் உள்ள காருக்கு மட்டும் பஞ்சாயத்து! மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபார்முலா ஒன் ஓட்டும்போது வயது 17. சாலையில் ஓட்ட லைசென்ஸ்கூட அப்போது அவரிடம் இல்லை.

மலர்விழி:
2015-ல் அவர் வந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடத்திலிருந்து ஃபார்முலா ஒன் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று கார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ விதி போட்டது. அதுவும் அவர் நாலு வயதிலிருந்து கார்ட்டிங் ஓட்டியவர். பந்தயத் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். ஆடு குறுக்கே வராது, ராங் சைடில் டிராக்டர் வராது.

பீளமேட்டுக்காரர் சார், நான் கேட்பது வேறு. 15 வயதிலிருந்து ஓட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கே ஓட்டினான்?

பீளமேட்டுக்காரர்:
எங்கள் தோட்டத்துக்குள்ளேதான் மேடம். எப்போதாவது சந்தை வரைக்கும்.

மலர்விழி:
சந்தை தோட்டத்துக்குள்ளேயா இருக்கிறது?

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. புனேயில் 2024 மே 19 அதிகாலை என்ன நடந்தது? 17 வயதுப் பையன், போர்ஷே டைகான், பைக்கில் போன இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் செத்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள். அப்புறம் ரத்த மாதிரியை மாற்றியதாக டாக்டர்கள் கைது, அப்பாவும் கைது.

பீளமேட்டுக்காரர்:
மேடம், அந்தக் குடும்பத்தோடு எங்களை ஒப்பிடாதீங்க. என் பையன் குடிக்கிறவன் இல்லை. கையில் லைசென்ஸ் இருக்கிறது. நான் சட்டப்படிதானே கேட்கிறேன்?

மெல்பன்வாசி:
சட்டம் என்று வந்ததால் இங்கே உள்ள முறையைச் சொல்கிறேன். மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் கீழே உள்ள எல்-போர்டு ஆள் 120 மணி நேரம் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்டிக் கணக்கு காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். என் மகளோடு உட்கார்ந்து அந்த 120 மணியை முடிப்பதற்குள் எனக்கு இருந்த கொஞ்ச முடியும் போய்விட்டது. அப்புறம் புது ஓட்டுநர் என்று காட்டும் பி-போர்டு: ஒரு வருடம் சிவப்பு பி, மூன்று வருடம் பச்சை பி. சிவப்பு பி-யில் தன் வயதுப் பிள்ளைகளில் ஒருவரை மட்டும் ஏற்றலாம். மது துளியும் கூடாது. ஒரு டன் எடைக்கு இஞ்சின் சக்தி 130 கிலோவாட்டைத் தாண்டும் கார் பி-போர்டுக்குத் தடை.

டர்போ தம்பி:
மெல்பன் அண்ணனுக்கு நன்றி, என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். ஜிடியின் 150 குதிரைசக்தி என்பது 110 கிலோவாட், எடை சுமார் ஒன்றேகால் டன். டன்னுக்கு 90 கூட வராது. ஆஸ்திரேலியாவே ஓட்டலாம் என்று சொல்லும் வண்டியைக் கோயம்புத்தூரில் ஓட்டக் கூடாதா?

ஆறாவது கியர்:
இத்தாலிக்கும் போய் வாருங்கள் தம்பி. அங்கே புது லைசென்ஸ்காரருக்கு முன்பு 70 கிலோவாட்தான் வரம்பு. 2024 டிசம்பரில் தளர்த்தினார்கள், அப்படியும் 105. உங்கள் ஜிடி 110. மூன்று வருடம் தொட முடியாது.

ஆஸ்திரேலியா அந்த வண்டியைக் கொடுப்பது 120 மணி நேரம் ஓட்டியவனுக்கு. இங்கே எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்து, ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒரு சுற்று சுற்றினால் அட்டை வந்துவிடும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பாதி பிரேக்கைப் பக்கத்து சீட்டு மாஸ்டர்தான் மிதித்திருப்பார். அந்த அட்டையில் எல்.எம்.வி. (இலகுரக வாகனம்) என்று இருந்தால் ஆல்டோவும் ஒன்றுதான், 600 குதிரைசக்தி ஜெர்மன் காரும் ஒன்றுதான்.

பாலிசி பாஸ்கர்:
இன்சூரன்ஸில் இருக்கிறேன், எங்கள் பக்கமும் அதே கதைதான். தேர்டு பார்ட்டி பிரீமியம் சிசி கணக்குதான், அதாவது இஞ்சின் அளவு மட்டும்தான். 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், 2022-ல் நிர்ணயித்தது. 1.2 ஸ்விஃப்டில் கோயிலுக்குப் போய் வரும் ரிட்டயர்டு வாத்தியாரும் ஜிடி ஓட்டும் 18 வயதுப் பையனும் ஒரே தொகைதான் கட்டுவார்கள். பிரிட்டனில் 17 வயதுக்காரர் கட்டும் பிரீமியம் பழைய காரின் விலையையே தாண்டுவதுண்டு. அங்கே அப்பாவிடம் "வேண்டாம்" என்று சொல்வது இன்சூரன்ஸ் கம்பெனி. இங்கே அப்பாவே சொல்லியாக வேண்டும்.

மலர்விழி:
எனக்கு இஞ்சினைவிடப் பின் சீட்டுதான் பயம். தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டும் பையன், நாலு ஃபிரெண்டு ஏறி "எவ்வளவுடா போகும்?" என்று கேட்டால் வேறு ஆளாகிவிடுவான். மெல்பனில் ஒருவரை மட்டும் ஏற்றச் சொல்வது சும்மா இல்லை. என் அண்ணன் மகனுக்கு நாங்கள் போட்ட நிபந்தனை: ஒரு வருடத்துக்கு இரவு 9 மணிக்கு மேல் சாவி கிடையாது, கூட ஒருவருக்கு மேல் கிடையாது. முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

டர்போ தம்பி:
நிபந்தனை போடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 5 ஸ்டார் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆறாவது கியர்:
இதோ. அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ஏற்ற கார்களைப் பட்டியல் போடுகிறது. ரொம்பச் சின்ன வண்டி வேண்டாம் என்கிறது, அது உங்கள் பக்கம். அதிகக் குதிரைசக்தியும் வேண்டாம் என்கிறது, அது என் பக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் உங்கள் ஷோரூமிலேயே நிற்கிறது: விர்ட்டஸ் 1.0. அதே பாடி, அதே 5 ஸ்டார், வண்டி சறுக்காமல் பிடிக்கும் அதே ஈஎஸ்சி. 115 குதிரைசக்தி, 178 நியூட்டன் மீட்டர். மேனுவல் கியராகவே எடுங்க, இடது கைக்கு வேலை இருந்தால் ஃபோனைத் தொட மாட்டான்.

டர்போ தம்பி:
115 என்ன கம்மியா? 180-ஐ அதுவும் தொடும். பயம் காட்டுகிறவர்கள் கடைசியில் 35 குதிரைசக்திக்குத்தான் பேரம் பேசுகிறார்கள்.

ஆறாவது கியர்:
180-ஐத் தொடுமா என்பது கேள்வியே இல்லை. 60-லிருந்து 100-க்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதுதான் கேள்வி. அவன் தப்பை அவனே உணர்ந்து காலை எடுக்க அந்த நேரம்தான் இருக்கிறது.

பீளமேட்டுக்காரர்:
எல்லாருக்கும் நன்றி. 1.0 மேனுவலை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க ஷோரூமில் சொல்லியிருக்கிறேன். வீட்டம்மாவும் வருகிறாள். பையனிடம் இன்னும் சொல்லவில்லை.

டர்போ தம்பி:
சொல்லுங்க, ஒன்றும் ஆகாது. இஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி ரீமேப் போட்டால் 1.0-உம் பறக்கும், ஆறே மாதத்தில் அவனே கண்டுபிடித்துவிடுவான்.

பாலிசி பாஸ்கர்:
வாரண்டி போகும். எங்களிடம் சொல்லாமல் செய்தால் கிளெய்மும் சந்தேகம்தான்.

பீளமேட்டுக்காரர்:
அந்த ரீமேப் பேச்சைக் கொஞ்சம் அழித்துவிடுங்க தம்பி. பையனும் இந்தக் குழுவில் இருக்கிறான்.