ட்ரூ க்ரைம் டாக்குமென்டரி எல்லாம் தரம் குறைஞ்சுட்டே வருதா? எதை நம்பிப் பாக்குறது?

கார்த்தி_ஈரோடு:
மக்களே, நைட் சாப்பிட்டு முடிச்சதும் நானும் வீட்டம்மாவும் உக்காந்து பாக்குறது பெரும்பாலும் ட்ரூ க்ரைம் சீரிஸ்தான். ஆனா இப்ப வர்றதுல பாதியை ரெண்டாவது எபிசோட்லயே நிறுத்திடறோம். ஒன்றரை மணி நேரத்துல சொல்லி முடிக்க வேண்டிய கேஸை நாலு எபிசோடுக்கு இழுக்குறாங்க. மேலேருந்து ட்ரோன்ல ஊரைக் காட்டுறது, மழைல நனையுற ரோடு, முகம் தெரியாத ஒருத்தர் மெதுவா கதவைத் திறக்குறது, பேட்டி கொடுக்கறவர் சேர்ல உக்காந்து மைக் மாட்டுறது, எந்த சீரிஸ் போட்டாலும் இதேதான். இதைக் கூட பொறுத்துக்கலாம், ஆனா எபிசோட் முடியற இடத்துல ஒரு ஆளைக் கொலைகாரன் மாதிரி காட்டி நிறுத்திட்டு அடுத்த எபிசோட்ல அஞ்சே நிமிஷத்துல இவருக்கு சம்பந்தம் இல்லைன்னு விட்டுட்டுப் போறாங்க பாருங்க, அது ரொம்பத் தப்பு. அவர் நிஜ மனுஷன், நாளைக்கு அதே ஊர்ல கடைக்குப் போகணும் இல்லையா.

அமெரிக்காவுல ஒரு பொண்ணு கொலைக் கேஸ்ல ஸ்டீவன் ஏவரியும் அவரோட மருமகன் பிரெண்டன் டாஸியும் மாட்டின கதை, 2015ல வந்த மேக்கிங் எ மர்டரர், பத்து எபிசோட், அதுவும் நீளம்தான், ஆனா எனக்கு ஒரு இடத்துல கூட சலிக்கல. பிரெண்டன் டாஸியை விசாரிக்கிற வீடியோ மறக்கவே முடியாது. 16 வயசுப் பையன், தலையில என்ன பண்ணீங்கன்னு போலீஸ் கேட்க கேட்க முடியை வெட்டினோம், குத்தினோம்னு ஒவ்வொண்ணா யூகிச்சு சொல்லிட்டே வர்றான், கடைசில சுட்டது யாருன்னு அவங்களே எடுத்துக் கொடுக்குறாங்க. கொலையை ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பையன் ஸ்கூல்ல ப்ராஜெக்ட் கொடுக்கணும், அதுக்குள்ள போயிடுவேனான்னு கேக்குறான். அந்த அளவுக்கு தரமா வேற என்ன இருக்கு? நீங்கல்லாம் எதை வெச்சு நல்லது, மோசம்னு முடிவு பண்றீங்க?

தேன்மொழி:
கார்த்தி அண்ணா, எனக்கும் பிடிச்ச சீரிஸ்தான், ஆனா அதை அளவுகோலா வெச்சுக்க எனக்கு மனசு வரல. எடுத்த ரெண்டு பேரும் பத்து வருஷம் அந்த கேஸ் பின்னாடி அலைஞ்சிருக்காங்க, அந்த உழைப்பு தெரியுது. ஆனா இறந்துபோன பொண்ணோட கார் பானட் கொக்கில ஸ்டீவன் ஏவரியோட டிஎன்ஏ கிடைச்சதா அரசுத் தரப்பு கோர்ட்ல சொன்ன விஷயம் முதல் சீசன்ல வரவே இல்ல. அதை நம்புறதும் நம்பாததும் பாக்கறவங்க இஷ்டம், ஆனா காட்டிட்டு இல்ல அதைக் கேள்வி கேட்டிருக்கணும்? சீரிஸ் பாத்துட்டு ஒரு லட்சம் பேருக்கு மேல அவரை விடுதலை பண்ணுங்கன்னு வெள்ளை மாளிகைக்கு மனு போட்டாங்க, இது மாநில கேஸ், ஜனாதிபதியால மன்னிப்பு கொடுக்க முடியாதுன்னு பதில் வந்துச்சு. ஒரு கேஸோட பாதியை மட்டும் பாத்துட்டு அத்தனை பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. என்னைக் கேட்டா எதை விட்டாங்கன்னு பாத்துதான் தரத்தை சொல்லணும். ட்ரோன் ஷாட் எல்லாம் அப்புறம்.

செந்தில் எடிட்டர்:
தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு. நான் எடிட்டிங்ல இருக்கறவன், அதனால ஒரு விஷயம் சொல்றேன், இனிமே பாக்கும்போது கவனிங்க. ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது கேமரா அவர் முகத்தை விட்டு கைக்கோ, ஜன்னலுக்கோ, பழைய ஃபோட்டோவுக்கோ போகுதுன்னா, குரல் மட்டும் தொடர்ந்து வருதுன்னா, பெரும்பாலும் அங்க ஒரு கட் இருக்கு. அவர் காலைல சொன்ன வார்த்தையும் சாயங்காலம் சொன்ன வார்த்தையும் ஒரே வாக்கியமா ஒட்டியிருக்கலாம். நேரத்தைக் குறைக்க எல்லாரும் செய்யறதுதான், அர்த்தம் மாறாத வரைக்கும் பிரச்சினை இல்ல.

ஆனா 2015ல ஹெச்பிஓ-ல வந்த தி ஜின்க்ஸ் எடுத்துக்கோங்க. கொலை சந்தேகத்துல இருந்த பணக்காரர் ராபர்ட் டர்ஸ்ட், பாத்ரூம்ல மைக் ஆன்ல இருக்கிறது தெரியாம, நான் என்ன பண்ணிட்டேன், எல்லாரையும் கொன்னுட்டேன்னு தனக்குத்தானே பேசறதோட முடியும். உலகமே அதிர்ந்துச்சு, கடைசி எபிசோட் ஒளிபரப்புக்கு முந்தின நாள் ஆளை அரெஸ்ட் பண்ணிட்டாங்க. ஆனா 2019ல கோர்ட்டுக்கு வந்த முழு டிரான்ஸ்கிரிப்ட்ல அந்த ரெண்டு வரியும் அடுத்தடுத்து இல்ல, வரிசையே வேற, நடுவுல வேற ஏதேதோ பேசியிருக்கார். 2021ல கொலைக் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. என் ஆதங்கம் என்னன்னா அந்த டீம் கையில அதை விட பலமான ஆதாரம் இருந்துச்சு. கொலையான அவரோட தோழி வீட்ல பிணம் கிடக்குதுன்னு போலீஸுக்கு வந்த மொட்டைக் கடுதாசி கவர்ல பெவர்லி ஹில்ஸ்ங்கற பேர்ல பெவர்லி தப்பு ஸ்பெல்லிங்கோட இருக்கு, டர்ஸ்ட் முன்னாடி எழுதின இன்னொரு லெட்டர் கவர்லயும் அதே தப்பு, கையெழுத்தும் அதே மாதிரி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவர் முன்னாடி நீட்டுறாங்க, மனுஷன் முகம் மாறுது. அந்த சீன் போதுமே சார், அதுக்கப்புறம் எதுக்கு வார்த்தையை இடம் மாத்தி ஒட்டணும்?

கொளத்தூர் மாதேஷ்:
நான் மேட்டூர் பக்கம். எங்க ஏரியா கதைன்னா வீரப்பன்தான், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன். 2023ல ரெண்டு வந்துச்சு, நெட்ஃபிளிக்ஸ்ல தி ஹண்ட் ஃபார் வீரப்பன், நாலு எபிசோட், அப்புறம் ஜீ5ல கூச முனிசாமி வீரப்பன். முதல் படத்துல ஒளிப்பதிவு, காடு, சவுண்ட் எல்லாம் நல்லா இருக்கு, வீரப்பன் மனைவி முத்துலட்சுமியையும் பேச விடுறாங்க, அதிகாரிகளையும் பேச விடுறாங்க, 91ல வீரப்பனால கொல்லப்பட்ட வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் பத்தின பகுதியை மரியாதையா செஞ்சிருக்காங்க. ஆனா மொத்தத்துல அது வேட்டைக் கதையாவே போயிடுச்சு. ஜீ5ல நக்கீரன் எடுத்த பழைய வீடியோல வீரப்பனே பேசறார், நடுநடுவுல மத்தவங்க பேட்டி கொஞ்சம் ஓவராத்தான் போகுது, இருந்தாலும் எங்க ஜனங்க பட்ட கஷ்டத்துக்கு அதுல நேரம் ஒதுக்கியிருக்காங்க. மாதேஸ்வரன் மலைல அதிரடிப்படை வெச்சிருந்த கேம்ப்புக்கு ஒர்க் ஷாப்னு பேரு, அங்க இழுத்துட்டுப் போய் கரண்ட் ஷாக் கொடுத்ததெல்லாம் அதிரடிப்படை அத்துமீறலை விசாரிச்ச சதாசிவா கமிஷன் முன்னாடி ஜனங்களே சாட்சி சொல்லியிருக்காங்க, 2007ல மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. வீரப்பன் கொன்னவங்க குடும்பமும் இங்கதான் இருக்கு, ஒர்க் ஷாப்ல அடிபட்டவங்க குடும்பமும் இங்கதான் இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து பாத்து, ஆமா இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லணும், அதுதான் எனக்கு தரம்.

இன்னொண்ணு, வாச்சாத்திக்கு ஏன் இப்படி ஒரு முழு சீரிஸ் இல்ல? 1992 ஜூன்ல வனத்துறை, போலீஸ் ஆளுங்க சந்தனக்கட்டை தேடறோம்னு ஊருக்குள்ள புகுந்து ஜனங்களைக் கொடுமை பண்ணினாங்க, 2011ல 269 பேர் குற்றவாளின்னு தீர்ப்பு, 2023ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. கோர்ட் முடிச்சு வெச்ச கேஸ், சாட்சிகள் கண்ணு முன்னாடி இருக்காங்க. யாராவது எடுங்கப்பா.

ரம்யா_வக்கீல்:
மாதேஷ் அண்ணன் சொன்ன அந்த முடிஞ்ச கேஸ்ங்கறது ரொம்ப முக்கியம். கேரளாவுல ஒரே குடும்பத்துல வரிசையா ஆளுங்க இறந்த கூடத்தாய் கொலைக் கேஸ் பத்தி நெட்ஃபிளிக்ஸ் டாக்குமென்டரி 2023 டிசம்பர்ல வந்தப்போ விசாரணை இன்னும் ஓடிட்டு இருந்துச்சு. சாட்சிக் கூண்டுல ஏற வேண்டியவங்க முதல்ல கேமரா முன்னாடி பேசிட்டா, பின்னாடி குறுக்கு விசாரணைல அந்தப் பேட்டியை வெச்சே அவங்களை மடக்கலாம், உண்மையான சாட்சியே உடைஞ்சு போகலாம். எடுக்கறவங்க இதை யோசிக்கறதே இல்ல. கோர்ட் முடியட்டும், அப்புறம் எடுங்க.

பாலா77:
ரம்யா மேடம், இதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. நம்ம ஊர்ல கேஸ் முடிய இருபது வருஷம் ஆகும், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னா நியூஸ் சேனல்காரங்க மட்டும்தான் பேசிட்டு இருப்பாங்க. 2018ல டெல்லி புராரில ஒரே வீட்ல 11 பேர் இறந்தப்போ சுவத்துல 11 பைப் இருக்குன்னு அதையே நாள் பூரா காட்டினாங்க. அதுக்கப்புறம் வந்த ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ் மூணே எபிசோட், அந்த வீட்ல கிடைச்ச டைரிகளை நிதானமா படிச்சு, மனநலம் பத்தி விவரம் தெரிஞ்சவங்களை பேச வெச்சு, அந்த குடும்பத்தையும் மனுஷங்களா காட்டிச்சு, சேனல்கள் பண்ணினதையும் கேள்வி கேட்டுச்சு. கார்த்தி ப்ரோ, கண்டிப்பா அதைப் பாருங்க, இழுவையே கிடையாது.

கார்த்தி_ஈரோடு:
எல்லாருக்கும் நன்றி. புராரி இன்னிக்கே ஆரம்பிக்கிறோம், அடுத்து ஜீ5 வீரப்பன். செந்தில் அண்ணே, அந்த கட் விஷயம் படிச்சதும் நேத்து பாதில விட்டதை மறுபடி போட்டுப் பாத்தேன், ஒரு பேட்டில நாலு வரிக்குள்ள மூணு தடவை ஜன்னலுக்குப் போகுது. தேன்மொழி, நீங்க சொன்ன டிஎன்ஏ விஷயத்தை விட்டது தப்புதான், ஆனா டாஸி வீடியோ போலீஸே எடுத்தது. 2017ல அப்பீல் கோர்ட்ல அதைப் பாத்த நீதிபதிகளே 4க்கு 3ன்னு பிரிஞ்சாங்க, வாக்குமூலம் செல்லாதுன்னு சொன்ன அந்த மூணு பேர் பக்கம்தான் நான் இன்னும் இருக்கேன்.