எஸ்எஸ்டி மாட்டியும் லேப்டாப் வேகம் கூடவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றினால் இயங்கவே மறுக்கிறது

நெல்லைக் கணக்கு:
வணக்கம். அப்பாவின் பெயிண்ட் கடைக் கணக்கு முழுவதும் ஒரு பழைய லேப்டாப்பில் டேலியில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். புதிது வாங்கலாம் என்றால், "இதுவே நன்றாகத்தானே ஓடுகிறது" என்கிறார். அதன் முன்னால் உட்கார்ந்து காத்திருப்பது நான்தான். சென்ற வாரம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டோம். டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்துப் பழைய டிஸ்க்கையும் மாட்டிக் கொடுத்தார்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 புதிதாகப் போடப்பட்டிருக்கிறது.

ஆனால் கடவுச்சொல் கேட்கும் திரை வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. அதன்பின் கொஞ்ச நேரம் பறக்கிறது. திடீரென்று எல்லாம் உறைந்து நிற்கிறது. கடையில் கேட்டால், "பழைய மாடல், இவ்வளவுதான் வரும்" என்கிறார்கள். சந்தேகப்பட்டுப் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்புத் திரையில், இயக்குவதற்கான டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி வருகிறது. மாட்டினால் மறுபடி ஓடுகிறது. எஸ்எஸ்டி போலியா?

மின்ட் பிரியன்:
4 ஜிபி ராமில் விண்டோஸ் 10 திணறத்தான் செய்யும். அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

திருகாணி:
மின்ட் நல்லதுதான், ஆனால் டேலி விண்டோஸுக்கான மென்பொருள். கடைக் கணக்கை வைத்துக்கொண்டு சோதனை ஓட்டம் வேண்டாமே.

சகோதரி, மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டிக்கு நேராக டிரான்ஸ்ஃபர் மோட் 300 என்று வருகிறதா, 600 என்று வருகிறதா? அந்தக் காலத்து போர்டுகளில் டிஸ்க்கை மாட்டும் எல்லா சாட்டா இணைப்பும் ஒரே வேகம் அல்ல. இரண்டு, அதே இடத்தில் பழைய டிஸ்க்கின் சி5 வரிசை, அதாவது கரண்ட் பெண்டிங் செக்டார், பூஜ்ஜியமா? மூன்று, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, "சிஸ்டம்" என்ற குறிப்பு எந்த டிஸ்க்கின் பார்ட்டிஷனில் (பிரிவில்) இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவதில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

நெல்லைக் கணக்கு:
எஸ்எஸ்டிக்கு 600 காட்டுகிறது. பழைய டிஸ்க்குக்கு மஞ்சள் நிறத்தில் "எச்சரிக்கை" என்று வருகிறது, சி5 பூஜ்ஜியம் இல்லை. "சிஸ்டம்" என்பது பழைய டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் 100 எம்பி பார்ட்டிஷனில் இருக்கிறது! சி டிரைவ் மட்டும் எஸ்எஸ்டியில். உறைந்து நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் பழைய டிஸ்க் 100 சதவீதம் என்கிறது, ஆனால் படிக்கும் வேகம் பூஜ்ஜியம்.

திருகாணி:
600 என்றால் எஸ்எஸ்டி வேகமான இணைப்பில்தான் இருக்கிறது, அதன் மேல் பழி இல்லை. விண்டோஸ் நிறுவும்போது இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருந்திருக்கின்றன. பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு துவக்கப் பார்ட்டிஷன் இருந்ததால், நிறுவல் நிரல் துவக்கக் கோப்புகளை அங்கேயே எழுதிவிட்டது. வீடு புது மனையில், வாசல் பழைய மனையில். அதனால்தான் கழற்றியதும் துவங்கவில்லை.

உறைவதற்குக் காரணம் வேறு. சி5-இல் வருபவை டிஸ்க்கால் ஒழுங்காகப் படிக்க முடியாத செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்). அப்படி ஒன்று குறுக்கிட்டால் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். விண்டோஸ் பதிலுக்காகக் காத்து நிற்கும். வேகம் பூஜ்ஜியம், உழைப்பு 100 சதவீதம் என்று நீங்கள் பார்த்தது அதைத்தான்.

முதல் வேலை கணக்கைக் காப்பாற்றுவது. இன்றைக்கே டேலியின் டேட்டா கோப்புறையை, எண்ணையே பெயராகக் கொண்ட உட்கோப்புறைகளோடு, வேறொரு பென் டிரைவில் நகலெடுங்கள். படங்கள், பாட்டுகள் அப்புறம். "சரிபார்க்கிறேன்" என்று விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை மட்டும் ஓட்ட வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதும் படிக்க வைத்தால் மிச்ச உயிரும் போகலாம். நகல் பாதியில் நின்றால், பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டவற்றுக்குக் கடைசியில் வரும்.

பழைய சர்வீஸ் கை:
துவக்கக் கோப்பை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்ற ஒரே கட்டளை போதுமே, எதற்கு மறுபடி நிறுவ வேண்டும்?

திருகாணி:
போதும், பார்ட்டிஷனை ஆக்டிவ் (துவங்கும் பகுதி) ஆக்கத் தெரிந்தவருக்கு. இங்கே எஸ்எஸ்டியில் இருப்பது ஒரு வாரத்து விண்டோஸ். புதிதாகப் போடுவதே சுத்தம்.

சகோதரி, அதற்கு முன் டேலி உரிமத்தைச் சரண்டர் செய்து, அதாவது இந்த நிறுவலிலிருந்து விடுவித்துவிடுங்கள், பிறகு மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். மறந்தால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க நேரும். பிறகு பேட்டரியைக் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து வையுங்கள். லேப்டாப்பின் துவக்க அமைப்பான பயாஸில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ என்று இருக்கட்டும். பென் டிரைவிலிருந்து நிறுவும்போது எஸ்எஸ்டியின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்து என்று போங்கள். தேவையான பார்ட்டிஷன்களை அதுவே பிரித்துக்கொள்ளும். உங்கள் விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆனதென்றால், உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. இணையம் கிடைத்ததும் தானாகத் திரும்பிவிடும்.

நெல்லைக் கணக்கு:
அண்ணா, வேலை முடிந்தது! கணக்குக் கோப்புகள் முழுசாக வந்துவிட்டன. சில திருமணப் படங்கள் மட்டும் போய்விட்டன. இப்போது பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை தயார். அப்பா "என்ன, புதுசு வாங்கிவிட்டாயா?" என்று கேட்டார். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது பற்றியும் கவலையாக இருக்கிறது.

திருகாணி:
அந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்காதீர்கள். பேக்கப்புக்கு வேறு டிஸ்க். டேலியிலேயே பேக்கப் வசதி இருக்கிறது, தினமும் கடை சாத்தும் முன் எடுக்கப் பழகுங்கள். உங்கள் பிராசசர் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ பட்டியலில் வராது. ஆனால் வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை உண்டு, செட்டிங்ஸில் பதிந்துகொள்ளுங்கள். அதற்குள் அப்பாவிடம் புது லேப்டாப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

மின்ட் பிரியன்:
பழைய லேப்டாப்பை அப்போது என்னிடம் தள்ளிவிடுங்கள். மின்ட் போட்டுக்கொள்கிறேன்.