ஏடிசி 200எக்ஸ் முன் போர்க் மாத்துறது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

என்கிட்ட இருக்கிறது ஹொண்டா ஏடிசி 200எக்ஸ், 1984 மொடல், மணல்ல ஓடுற மூணு சில்லு பைக். மாமா டுபாயில இருந்து கொண்டு வந்தது, அவர் இப்ப இல்ல, அதால விக்கிற எண்ணமே இல்ல.

மூணு மாசத்துக்கு முந்தி கற்பிட்டி மணல்ல ஓடிட்டு வந்ததுல இருந்து இடது போர்க்ல (முன் சில்லைப் பிடிக்கிற ரெண்டு குழாய்ல ஒண்டு) ஒயில் ஒழுகுது, பிரேக் பிடிச்சா ஹேண்டில் இடது பக்கம் இழுக்குது. ஒயில் சீல் ரெண்டு தரம் மாத்தியாச்சு, ரெண்டு கிழமை தாங்கல. கழட்டி கண்ணாடி மேல உருட்டி பாத்தா டியூப் வளைஞ்சிருக்கு, சீல் உரசுற இடத்துல துரு குழி குழியா வேற. கிராண்ட்பாஸ்ல லேத்காரர் நிமிர்த்தி தந்தார், பத்து நாள்ல பழையபடி.

கொழும்பு பஞ்சிகாவத்தைல ஏறாத ஸ்பெயார் பார்ட்ஸ் கடை இல்ல. அமெரிக்காவுலயே 1988ல இந்த மூணு சில்லு வண்டி விக்கிறத நிப்பாட்டிட்டாங்க, புது சாமான் தேடுறது அவ்வளவு கஷ்டம். கடைசில ஒரு கடைல 250ஆர் (ஹொண்டாட இன்னொரு மொடல்) போர்க் எண்டு ஒரு செட் தந்தாங்க, டியூப் தடிப்பு கூட, டியூப் ரெண்டையும் மேலயும் கீழயும் பிடிக்கிற என்ட கிளாம்புக்குள்ள போகாது. அதோட வந்த கிளாம்ப் ரெண்டையும் சேத்து போட்டா பெயாரிங் சரியா உக்காருது, ஆனா ஸ்டெம் (கீழ் கிளாம்புல இருந்து மேல போற நடுத் தண்டு) நீளம் காணாது, மேல நட் ரெண்டு புரிதான் பிடிக்குது. அப்பிடி ஓட எனக்கு மனசு வரல.

என்ட பழைய ஸ்டெம்ம பிரஸ்ல கழட்டி அந்த கீழ் கிளாம்புல ஏத்தி ஓடின ஆக்கள் யாராவது இருக்கீங்களா, கொழும்புல எந்த லேத்ல செஞ்சீங்க?