பட்ட விரட்டி: உங்களை விடாத இடம் எது?

குலசேகரத்துக்காரன்:
காலித் ஹுசைனியின் 'பட்ட விரட்டி' நாவலைப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் கதையை முழுதாகச் சொல்லவில்லை. படிக்காதவர்களுக்கு ஒரு வரி: காபூலில் பாபா என்ற பணக்காரரின் மகன் அமீர், அவர் வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன், இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள்; அமீருக்காக நீலப் பட்டத்தை எடுக்கப் போன ஹசனை ஒரு சந்தில் சில பையன்கள் சீரழிக்கிறார்கள், அமீர் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். எல்லாரும் 1975 குளிர்காலம், அந்தச் சந்து, நீலப் பட்டம் என்றுதான் பேசுவார்கள். எனக்கு அது இல்லை. ஹசனுடைய மெத்தைக்கு அடியில் கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் அமீர் கொண்டுபோய் வைக்கிறானே, அந்த இடம். பாபா கேட்டதும் ஹசன் தான் எடுத்ததாக ஒத்துக்கொள்கிறான். அங்கே மூடி வைத்தவன் மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருந்தது. பால் வெட்ட வருபவரின் மகனும் நானும் ஒரே வகுப்பு. விடியுமுன்னே அப்பாவோடு வருவான், சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பான், அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போவோம். எங்கள் வீட்டில் அவனுக்குச் சாயா அடுக்களையின் பின்வாசலில், தனி டம்ளரில். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் சேர்த்து வைத்திருந்து விற்போம். அதில் அரைச் சாக்கை நான் எடுத்துக் கடையில் போட்டேன், ஒரு கிரிக்கெட் மட்டைக்காக. யார் எடுத்தது என்று அப்பா கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை, அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான், அதுவே போதுமாக இருந்தது. அவனுடைய அப்பா கையில் வெட்டுக் கத்தியோடு நின்றார். அந்தக் கத்தியை மண்ணில் வைக்காமல் ஒரு தேக்கிலையைத் தேடி அதன்மேல் வைத்துவிட்டு வந்து மகனை அடித்தார். 30 வருடம் ஆகிறது. அந்த இலை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் முதல் அவர்கள் வேலைக்கு வரவில்லை.

குளச்சல், இப்போது ஷார்ஜா:
நான் கம்பெனி ரூமில் படித்தேன். எங்கள் குடோனில் காபூல்காரர் ஒருவர் இருந்தார், 50 வயது இருக்கும். புத்தகத்தின் அட்டையில் பட்டத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் நடு மடிப்பில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, கண்ணாடித் தூள் தடவிய நூல் அறுத்தது. சின்ன வயதுத் தழும்பு. அதற்கப்புறம் தாலிபான் பட்டம் விடுவதையே தடை செய்ததைச் சொன்னார். அதுவரை எனக்கு அது கதைக்காகச் சேர்த்த விஷயம் போலத்தான் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு மீதிப் பக்கங்களை வேறு ஆளாகப் படித்தேன். அவர் ஹசாராவா பஷ்தூனா (கதையில் ஹசன் கீழாகப் பார்க்கப்படும் ஹசாரா இனம், அமீர் பஷ்தூன்) என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. கேட்காதது நல்லது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நம்ம ஊரில் ஒருத்தன் வீட்டுப் பெயரைக் கேட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்களே, அதுதான் இதுவும்.

தக்கலை டீச்சர்:
குலசேகரத்துத் தம்பி, வருத்தப்படாதீர்கள், நேராகவே சொல்கிறேன். புத்தகம் படித்து அழுவதால் அந்தப் பையன் வாங்கிய அடி குறையாது. என் கதை சின்னது. எங்கள் தெருவில் என் கூட்டுக்காரி ஒருத்தி படிப்பை விட்டுவிட்டு அண்டி ஆபீஸுக்கு, முந்திரிப் பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போனாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஒருநாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னாள், நான் இல்லாததையெல்லாம் சேர்த்துப் படித்துச் சிரித்தேன். மாதுளை மரத்தடியில் எழுத்தறியாத ஹசனுக்குப் படித்துக் காட்டும்போது அமீர் செய்வதும் இதே வேலைதான். சந்தில் நடந்த துரோகத்துக்கு முன்னாலேயே அங்கே அது தொடங்கிவிட்டது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அமீர் கடைசியில் மீண்டுவிட்டான் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2001-ல் அமெரிக்காவிலிருந்து ஹசனின் மகன் சொஹ்ராபைத் தேடிக் காபூலுக்குத் திரும்பிப் போகிறான், அடி வாங்குகிறான், மேலுதடு கிழிகிறது, சரி. ஆனால் இனி அனாதை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன் என்று சொஹ்ராபுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, விசா சிக்கலானதும் அதையே எடுத்துச் சொல்கிறான் பாருங்கள். அதற்கப்புறம் குளியலறையில் அந்தக் குழந்தை மணிக்கட்டை அறுத்துக்கொண்டது யாரால்?

உங்களுக்குச் சொல்வது இதுதான். அன்றைக்கு அடி வாங்கிய அவரைத் தேடிப் போங்கள். போனில் பேசாதீர்கள். பணம் கொண்டுபோகாதீர்கள், கொடுத்தால் கூலி கொடுத்தது போல ஆகிவிடும். காபூலுக்குப் போகிற வழியில் ஒரு ஏழை வீட்டில் அமீர் மெத்தைக்கு அடியில் பணம் வைத்துவிட்டு வருவானே, ஒரு காலத்தில் திருட்டுப்பழி போட வைத்த அதே கை. படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் அது யாருக்கும் தெரியாமல் செய்வது. நீங்கள் பழி போட்டது எல்லார் முன்னாலும். அதனால் சொல்வதையும் ஆள் இருக்கும்போது சொல்லுங்கள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், அவர் மரியாதைக்காகச் சிரிக்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஓய்வு நாள். அப்போது சின்னப் பையன், விவரம் தெரியவில்லை என்று தொடங்காதீர்கள். அமீருக்கும் 12, 13 வயதுதான், அவனே அந்தச் சாக்கைச் சொல்லவில்லை. மன்னித்தாயா என்று கேட்கவும் கேட்காதீர்கள். அது இன்னொரு முறை அவரிடம் கை நீட்டுவது.

தோவாளை:
டீச்சர் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அமீர் மறுபடி சறுக்குவதால்தான் அவனை நம்ப முடிகிறது. எனக்கு நெருடல் வேறு இடத்தில். ஹசன் பாபாவுக்குப் பிறந்தவன், அமீருக்குத் தம்பி என்று பாபாவின் நண்பர் ரஹீம் கான் சொல்லும் அந்த இடம். ஏன் தம்பியாக இருக்க வேண்டும்? வேலைக்காரன் மகனாகவே இருந்தால், கூட விளையாடியவன் என்பதற்காக மட்டும் அமீர் காபூலுக்குப் போயிருப்பானா? என் கணவரோடு இதை எத்தனை நாள் பேசியிருப்பேன் என்று தெரியாது. அவர் சொல்வார், திருட்டுதான் ஒரே பாவம் என்று போதித்த பாபாவே மகனிடமிருந்து உண்மையைத் திருடியவர் என்று காட்ட அது வேண்டும் என்று. நியாயம்தான். இருந்தாலும் ரத்த உறவு என்றதும் கடமை கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

விடாத இடம் கடைசிப் பக்கம். கிட்டத்தட்ட ஒரு வருடம் வாய் பேசாமல் இருந்த குழந்தை சொஹ்ராப், பார்க்கில் பட்டத்தைப் பார்த்து உதட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் சிரிக்கிறது. என் தங்கை மகன் 2004 டிசம்பருக்கு அப்புறம் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தான். மணக்குடியில் அவர்கள் வீடு. இதற்குமேல் எழுத வரவில்லை.

குளச்சல், இப்போது ஷார்ஜா:
அக்கா, எங்கள் தெருவிலும் அந்த டிசம்பரில் போனவர்கள் உண்டு. நானும் அதை எழுதவில்லை.

ஒன்று மட்டும். 2007-ல் படம் வந்தபோது, சந்துக் காட்சியால் படத்தில் நடித்த பையன்களுக்கு ஊரில் ஆபத்து வரும் என்று வெளியீட்டைச் சில வாரம் தள்ளிவைத்து, அவர்களை ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேற்றி இங்கே அமீரகத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். குற்ற உணர்ச்சியைப் பற்றிய கதையைப் படமாக்கப் போய், நடித்த குழந்தைகள் வீட்டை விட்டுவர வேண்டியதாயிற்று. அதனால் நான் படத்தைப் பார்க்கவில்லை, இனியும் பார்க்கமாட்டேன்.

குலசேகரத்துக்காரன்:
டீச்சர், போனேன். வியாழக்கிழமை. பேச்சிப்பாறை ரோட்டில் இறங்கி விசாரித்தபோது, அப்பாவைப் போலவே அவனும் பால் வெட்டுகிறான் என்றார்கள். வீட்டு முற்றத்தில் சாணைக்கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான். "என்ன மக்கா, இம்புட்டு தூரம்?" என்றான். மனப்பாடம் செய்துவைத்த எதுவும் வரவில்லை. ஒட்டுப்பாலை எடுத்தது நான் என்று மட்டும் சொன்னேன்.

கத்தி தீட்டுவதை அவன் நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்லா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாக்குத் தெரியாது. சாவுறது வரைக்கும் வீட்டுல பைசா வச்ச எடத்த எனக்கிட்ட சொல்லல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்வதுபோலச் சொன்னான். அதற்கு என்ன பதில் சொல்வது? நின்றுகொண்டே இருந்தேன், மழை தூறத் தொடங்கியது. ஹசனும் அலியும் வீட்டை விட்டுப் போகும் நாளில் மழை பெய்யும், அமீர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பான். எனக்கு ஜன்னல் இல்லை. திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைக்கவில்லை.

"அம்மை உள்ள இருக்கா. அவகிட்டச் சொல்லு" என்றான்.

போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள், யாரோ புதுசாக வந்திருக்கிறாரே என்று. நான் சொன்னேன். அம்மைக்குக் காது சரியாகக் கேட்காதாம், "என்ன மக்களே?" என்றார்கள். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.