அஞ்செட்டிக் காட்டில் மவுண்டன் பைக் பாதை: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

ஓசூர் மிதிவண்டி:
வணக்கம். ஓசூரில் இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று பல வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கும் பழைய வண்டித்தடம் ஒன்றை மவுண்டன் பைக்குக்குத் திறந்துவிடச் சொல்லி வனத்துறைக்கு மனு எழுதியிருக்கிறேன். ஒரே பாதை, பகலில் மட்டும், கூடவே உள்ளூர் வழிகாட்டி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சுற்றுலாவுக்கு அனுமதி தர இடம் கொடுக்கிறது. யாரெல்லாம் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

கொல்லைக்காவல்:
நான் போட மாட்டேன் தம்பி. எங்கள் ஊர் ஜவளகிரி பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டில் இருந்து யானைகள் இந்தப் பக்கம் வரும். ராகி கதிர் முற்றி நிற்கும் நேரமும் அதுதான். ராத்திரி முழுக்கப் பரணில் விழித்திருப்போம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், விடிகிற நேரம், கூட்டம் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று கீழே இறங்கினேன். காட்டோரத் தடத்தில் ஐந்தாறு சைக்கிள்கள் விளக்கு போட்டுக்கொண்டு வந்தன. மிரண்ட கூட்டம் மறுபடி கொல்லைக்குள் புகுந்து, அரை ஏக்கர் ராகியை மிதித்துவிட்டது. வந்தவர்களுக்கு நடந்தது தெரியக்கூடத் தெரியாது, போய்விட்டார்கள்.

பென்னாகரம் வாசி:
அக்கா, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் அஞ்செட்டி–ஒகேனக்கல் சாலையில் மோட்டார் பைக்கும் காரும் ஆரன் அடித்துக்கொண்டு போகின்றன. ஓரமெல்லாம் மதுபாட்டில். அதையெல்லாம் விட்டுவிட்டு, புகையும் சத்தமும் இல்லாத சைக்கிளைத் தடுப்பது நியாயமா?

காட்டுவழி:
அந்தச் சத்தமில்லாததுதான் ஆபத்து. மலையேறுபவர்களுக்கு வழிகாட்டியாகப் போன அனுபவத்தில் சொல்கிறேன். மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவனுக்கு முன்னால் அவன் வாடை போய்விடும். யானை ஒதுங்க நேரம் கிடைக்கும். நமக்கும் யானையின் பச்சை லத்தி, கிளை முறியும் சத்தம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். இறக்கத்தில் 25, 30 வேகத்தில் வரும் சைக்கிள் வாடைக்கு முன்னால் வந்து நிற்கும். இருபுறமும் உண்ணிச்செடி ஆள் உயரம் இருக்கும். வளைவு திரும்பினால் எதிரே குட்டியோடு தாய். அந்த இடத்தில் வழிகாட்டியால் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் வந்தது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022இல் தெற்கு, சுமார் 686. கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு காடு அறுபடாமல் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் அதை அறிவித்தார்கள். அந்தத் தொடர்ச்சிக்குள் போய்ப் பாதை கேட்கிறோம்.

ஓசூர் மிதிவண்டி:
வேகத்தைப் பற்றிச் சொன்னது சரி அண்ணா, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் பாதையை அமைக்கும் விதத்திலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரி 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பாதை அமைப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. அப்படிப் போட்டால் மழைத் தண்ணீர் டயர் தடத்திலேயே ஓடி மண்ணை அறுக்காமல் பக்கவாட்டில் இறங்கிவிடும். ஐப்பசியில் இருந்து மாசி வரை முழுக்க மூடிவிடலாம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் அனுமதி என்றும் எழுதுகிறேன்.

காட்டுவழி:
மூடினால் பாதி கவலை தீரும், ஒப்புக்கொள்கிறேன். மீதியைச் சொல்கிறேன். போன வழியை எல்லோரும் ஸ்ட்ராவா செயலியில் வரைபடமாக ஏற்றுகிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதம் எங்கிருந்தோ ஒருவர் வழிகாட்டி இல்லாமல் வருவார். நாலு பக்கமும் திறந்த காட்டில் எந்த இடத்தில் கேட் போடுவீர்கள்? அதற்குப் பதில் தருமபுரி பக்கம் இருக்கும் வத்தல்மலைக்குப் போங்கள். அது இந்தச் சரணாலயங்களுக்குள் வராது. காபித் தோட்டங்களுக்கு நடுவே ஊருக்கு ஊர் தடம் இருக்கிறது. அங்கே இருக்கும் மலைவாழ் மக்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் அங்கே போடலாம். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

பென்னாகரம் வாசி:
அப்போது அஞ்செட்டிப் பையன்களின் வருமானம்? வேலை தேடி ஓசூர், பெங்களூர் என்று போகிறார்கள். காட்டால் அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா?

கொல்லைக்காவல்:
கிடைக்கட்டும் தம்பி. என் தம்பி மகனும் அப்படித்தான் போனான். ஆனால் அந்தப் பையன்கள் வீட்டுக் கொல்லையும் காட்டோரம்தான் இருக்கிறது. மனு எழுதுகிறவர் கார்த்திகையில் ஒரு ராத்திரி எங்கள் பரணுக்கு வாருங்கள். களியும் கீரையும் செய்து வைக்கிறேன்.

ஓசூர் மிதிவண்டி:
வருகிறேன் அக்கா. அதுவரை மனுவை அனுப்பவில்லை. வத்தல்மலைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்க்கிறேன். ஆனால் அஞ்செட்டியை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.