பி.வோக் வரைகலைப் படிப்பில் மகளைச் சேர்க்கலாமா?

காவேரிப்பட்டணத்துத் தந்தை:
வணக்கம். பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகளுடைய நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் பெயர்ப்பலகை எழுத்துகளாகவே இருக்கும். ஒரு கல்லூரியில் வரைகலை வடிவமைப்பில் பி.வோக் என்னும் தொழில்திறன் படிப்புக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. உறவினர்களோ, அது ஐ.டி.ஐ. போன்றதுதான், பட்டமாகாது என்கிறார்கள். அப்படியானால் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு அனுப்புவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாலக்கோடு ஆசிரியர்:
ஐயா, பி.வோக் முறையான இளங்கலைப் பட்டம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் கொண்டுவந்த அத்திட்டத்தின்படி, முதலாண்டு முடித்து விலகினால் பட்டயமும், இரண்டாண்டில் உயர்பட்டயமும், மூன்றாண்டில் பட்டமும் கிடைக்கும். ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் போதும் என்று கேட்கும் போட்டித் தேர்வுகளையும் எழுதலாம். படிப்பின் மதிப்பீட்டுப் புள்ளிகளில் (கிரெடிட்) 60 சதவீதம் தொழில்திறனுக்கும் 40 சதவீதம் பொதுக்கல்விக்கும் உரியவை. அந்த 60 சதவீதம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, பட்டறையிலும் இருக்கிறதா என்பதைத்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். நீங்கள் கால அட்டவணையைக் கேளுங்கள்.

தருமபுரி ஓவியர்:
நான் 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கல்லூரியில் நான்காண்டு பி.எஃப்.ஏ. என்னும் கவின்கலை இளங்கலைப் பட்டம் படித்தவன். அங்கே ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, காட்சித்தொடர்பு வடிவமைப்பும் துணி வடிவமைப்பும் சுடுமண் கலையும் உண்டு. நுழைவுத்தேர்வில் கையால் வரைந்து காட்ட வேண்டும் என்பதால், மகள் இப்போதே பென்சிலைப் பிடித்தாக வேண்டும். அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்த்து ஒரு வாரம் வரையச் சொல்லுங்கள். சலிக்காமல் வரைந்தால் பி.எஃப்.ஏ.வுக்கு அனுப்புங்கள். எழுத்தும் அச்சும்தான் அவள் மனத்தில் இருக்கின்றன என்றால், மூன்றாண்டுப் படிப்பைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

ஓசூர் அச்சகத்தார்:
நான் அச்சுக்கு முந்தைய வேலைகளைக் கவனிப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டின் ஒன்றுக்கு லேபிள் செய்தேன். திரையில் தகதகவென்றிருந்த மஞ்சள், அச்சில் பழுக்காமல் வெம்பிய காய்போல வந்தது. திரைக்கான சிவப்பு-பச்சை-நீல வண்ணமுறையான ஆர்.ஜி.பி.யில் வரைந்து, அப்படியே அச்சு வண்ணமுறைக்கு மாற்றிவிட்டதால், மஞ்சளுக்குள் கொஞ்சம் சயான் என்னும் நீல மை புகுந்துவிட்டிருந்தது. மெஷின்காரர் லென்ஸை வைத்து நீலப் புள்ளிகளைக் காட்டி, ‘இதை எடுத்தால் மாம்பழம் பழுத்துவிடும்’ என்றார். அதோடு விளிம்பில் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் வண்ணம், விடாததால், வெட்டியபின் வெள்ளைக் கோடும் தெரிந்தது. வீணான தாளுக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். மூன்றாண்டு படித்த எனக்கு இவ்விரண்டையும் யாரும் காட்டித்தரவில்லை. அத்தனை நாளும் மென்பொருள் மட்டுமே பழகினேன். ஆகவே பயிற்சிக்கு எந்த அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள், எத்தனை வாரம், அங்கே பிளேட் (அச்சுத்தகடு) போடுவதைத் தொட்டுச் செய்ய விடுகிறார்களா, வேடிக்கை பார்த்துத் திரும்புவதோடு சரியா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

காவேரிப்பட்டணத்துத் தந்தை:
மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளை அதியமான்கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். திங்களன்று கல்லூரியில் கால அட்டவணையைக் கேட்கிறேன். ஓசூர் நண்பரே, உங்கள் அச்சகத்தில் ஒரு நாள் அவளை நிற்க விடுவீர்களா?

ஓசூர் அச்சகத்தார்:
தாராளமாக, ஐயா. காலை ஒன்பதுக்குள் வந்தால் முதல் பிளேட் ஏற்றுவதைப் பார்க்கலாம். மை படும், பழைய உடையில் வரச் சொல்லுங்கள்.